ஒரு மூடி பிராந்தி

காலையிலேயே குடிக்கிறவனை ஊரில் யாரும் மதிப்பதில்லை. அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முட்டை, ரொட்டி, வதக்கிய காளான் எல்லாம் அடுக்கிய தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆவி பறக்கும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடித்தால் அதற்கு பிரன்ச் என்று பெயர். மாமியாரைக்கூடக் கூட்டிக்கொண்டு வரலாம். இந்த மரியாதையை விற்றுத்தான் அக்கா பிழைத்தாள்.

கடையில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த சமையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் அவளை அப்படி அழைக்கப் பிறந்தவன் ஒருவன் இருந்தான். அவன் கடைப் படியை மிதித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். விடிந்ததிலிருந்து அவளுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். சமையல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, மேஜை தேஞ்சுடும்” என்றார்.

கடையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பளபளவென்று எஃகுத் தொட்டிகள். பீர் அங்கேயேதான் காய்ச்சப்படும். அந்தத் தொட்டிகளை எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்து, குழாய் பொருத்தி, நிலைநிறுத்தியவன் தம்பி. இருவரும் சேர்ந்தேதான் கடையைத் தொடங்கினார்கள். பீர் அவன் பொறுப்பு, ரம், விஸ்கி கலந்து தரும் கலவைகள் அவள் பொறுப்பு. வறுத்த தானியத்தின் மணத்தோடு அவன் காய்ச்சிய கருப்பு பீருக்காக மழையில் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள் உண்டு. பீருக்கான முளைகட்டிய தானியம், மால்ட், அந்த மூட்டையைப் பிரித்து ஒரு மூச்சு இழுத்தால் அது எந்த மூலையில் ஈரம் பட்டது என்று சொல்லிவிடுவான். அதனால் கடையில் அவனுக்கு மூக்கன் என்று பெயர்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. அதையும் போட்டவன் அவன்தான். ருசி பார்க்காமல் எந்தக் கோப்பையும் கவுன்ட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்ட்ராவைக் கோப்பைக்குள் விட்டு, மேல் நுனியை விரலால் மூடி, எடுத்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். “நம்ம நாக்கைத் தாண்டாம எதுவும் வெளிய போகக் கூடாதுக்கா” என்பான்.

அக்காவின் கலவைகளுக்கு ஒரு சொட்டு போதும். பீருக்கு ஒரு சொட்டு போதாது, ஒரு வாய் வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு வாய். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, சாயங்காலம் சந்தேகத்துக்கு ஒரு சுற்று. அவன் மனைவி ஒருநாள் கடைக்கே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோது அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? “ருசி பாக்கறது வேற, குடிக்கிறது வேறம்மா. அவன் தொழில் அது.” வாய் கூசாமல் சொன்னாள். அப்போது கருப்பு பீர் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில், கொதிநீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே தொட்டியோரம் தூங்கிக் கிடந்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிருந்தது. அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் கண் திறந்தது. சிகிச்சை எடுத்து, குடியை விட்டு, ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தான். இந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. அக்காதான் அவன் வீட்டுக்குப் போய் வருவாள். கடையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவன் சுட்டுத் தரும் ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும், கடையின் பின்கட்டில் சும்மா கிடக்கும் பெரிய அடுப்பு அவளுக்கு ஞாபகம் வரும்.

போன மாதம் மனதை அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள். “நம்ம கடையிலயே வந்து ரொட்டி போடேன்டா. பிரன்ச் பூரா உன் கையில. தொட்டிப் பக்கம் நீ போகவே வேணாம்.”

அவன் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினான். “ஒரு ஞாயித்துக்கிழமை வரேன். உக்காந்து சாப்பிட்டுப் பாக்கறேன். அந்த வாசனைல என்னால இருக்க முடியுதான்னு மொதல்ல எனக்குத் தெரியணும்.”

வழியனுப்ப வாசல் வரை வந்த அவன் மனைவி, “அண்ணி, அவரு வரட்டும், நான் தடுக்கல. அவரு முன்னாடி வைக்கற எதுலயும் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது” என்றாள்.

“என் தம்பிம்மா அவன். எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு வந்தாள் அக்கா.

இன்றைக்கு வெளியே தூறலும் குளிருமாக இருந்தது. அந்த மாதிரி நாளில் கடை நிரம்பி வழியும். கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயின், வெண்ணெய் மிதக்கும் ரம், தேனும் எலுமிச்சையும் விட்ட விஸ்கி என்று ஆளுக்கொரு கோப்பை. அந்த ஆவிக்குள்ளே நுழைந்து வந்தான் தம்பி. கையில் துணியில் சுற்றிய ரொட்டி. பின்னால் மனைவி. சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, “மூக்கா!” என்று கட்டிக்கொண்டார். தம்பி கண்ணாடிச் சுவரருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றான். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“மூணாவது தொட்டி வால்வு இன்னும் ஒழுகுது போல” என்றான் திரும்பி. அவ்வளவுதான். அவளுக்கு உயிர் வந்தது.

ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தாள். அவன் ரொட்டியையே அறுத்து, வாட்டி, முட்டையோடு கொண்டுவந்தாள். அவன் பழைய ஆளாகப் பேச ஆரம்பித்தான்.

“பேக்கரில மொத வாரம் உப்பு போட மறந்துட்டேன்க்கா. பாக்க ஜம்முன்னு இருந்துச்சு. வாய்ல வச்சா அட்டை. மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டல. முழு ரொட்டியையும் என்னையே உக்காந்து திங்க வச்சுட்டாரு. ஒரு சிட்டிகைதான், அது இல்லன்னா மத்தது எதுவும் எந்திரிச்சு நிக்காது.”

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். இந்த மேஜையில் இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று நினைத்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தாள்.

“எனக்கும் சூடா ஏதாவது போடேன்” என்றான் அவன். “எல்லார் கைலயும் கோப்பை இருக்கு. நான் மட்டும் தண்ணி கிளாஸோட உக்காந்தா பெரியாஸ்பத்திரி நோயாளி மாதிரி இருக்கு. ஆனா...”

“தெரியும்டா” என்றாள் அக்கா.

ஒரு சின்னப் பாத்திரத்தை நன்றாகக் கழுவி அடுப்பில் வைத்தாள். ஆப்பிள் சாறு, பட்டை, இரண்டு கிராம்பு, நசுக்கிய இஞ்சி, ஆரஞ்சுத் தோல். கொதி வந்ததும் ஸ்ட்ராவை விட்டு ருசி பார்த்தாள். சப்பென்று இருந்தது. தேன் விட்டாள், திகட்டியது. எலுமிச்சை பிழிந்தாள், புளிப்புத் தனியாக, இனிப்புத் தனியாகக் கிடந்தது. மற்ற எவனுக்காவது என்றால் அப்படியே ஊற்றிக் கொடுத்திருப்பாள். இது மூக்கனுக்கு. இத்தனை காலம் கழித்து வந்திருக்கிற தம்பிக்குச் சப்பென்று ஒன்றைக் கொண்டுபோய் வைப்பதா? அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

கை பிராந்திப் பாட்டிலுக்குப் போனது. தன்னையறியாமல் போனது என்று பிறகு அவள் சொல்லிக்கொள்ளப் பார்த்தாள், ஆனால் அறிந்துதான் போனது. ஒரே ஒரு மூடி. கொதியில் சாராயம் பறந்துவிடும், மணம்தான் மிஞ்சும், கேக்கில் சேர்ப்பதில்லையா என்று மனது வக்கீல் வைத்து வாதாடியது. ருசி வேறு, குடி வேறு. ஒரு மூடியை அளந்து ஊற்றினாள். நன்றாகவே கொதிக்கவிட்டாள். மறுபடி ஸ்ட்ராவை விட்டு நாக்கில் ஒரு சொட்டு. இப்போது எல்லாம் சேர்ந்து ஒன்றாகியிருந்தது. இதை அடிக்க ஆளில்லை என்று நினைத்தாள்.

தானே எடுத்துக்கொண்டு போனாள். தம்பி கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கி, குளிருக்கு இதமாக அணைத்துப் பிடித்தான். மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடியே ஒரு வாய் குடித்தான்.

விழுங்கவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது. மேஜையிலிருந்த டிஷ்யூ காகிதத்தை எடுத்து, வாயை மூடி, அதிலேயே துப்பினான். பக்கத்து மேஜைக்காரர்களுக்குக்கூடத் தெரியாத அளவுக்கு நாசூக்காகச் செய்தான். அவன் மனைவி அவனையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணி?”

“பாத்திரம் மாறியிருக்கும்” என்றாள் அக்கா. குரல் அவளுடையதாகவே இல்லை. “கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு புதுசு. அவ எடுத்து...”

“ருசி பாத்தியாக்கா?” என்று கேட்டான் தம்பி.

அவன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். பார்க்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் ருசி பார்க்காமல் அவள் ஒரு கோப்பையைக்கூட அனுப்பமாட்டாள் என்பது அந்தச் சட்டத்தைப் போட்டவனுக்குத் தெரியாதா?

“பாத்தேன்” என்றாள்.

“அப்போ தெரிஞ்சுதான் குடுத்த.”

“ஒரு மூடிதான்டா. நல்லா கொதிக்க விட்டேன். எல்லாம் போயிருக்கும்னு நினைச்சேன். சப்புன்னு இருந்துச்சு, உனக்குப் போய் அப்படி எப்படிக் குடுக்கறதுன்னு...”

“சப்புன்னே குடிச்சிருப்பாரு அண்ணி” என்றாள் அவன் மனைவி. எழுந்து கணவனின் மேல்கோட்டை எடுத்துக்கொண்டாள். “வெறும் வெந்நீர் குடுத்திருந்தாலும் உங்க கையால குடுத்ததுன்னு குடிச்சிருப்பாரு.”

தம்பி கோப்பையை மேஜையின் நடுவுக்கு, தன் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தான். தழும்பு ஓடிய அந்தக் கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். அவன் கோபப்படவில்லை, பயந்திருந்தான். அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை.

“நல்லா இருக்குக்கா” என்றான். “ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

“மன்னிச்சுக்கடா.”

“நீ வீட்டுக்கு வா, எப்பவும் போல. நான் இங்க வரல.” மேல்கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான். “வாசனையைத் தாங்கிட்டேன், தெரியுமா? அதுக்குத்தான் நான் பயந்துட்டு இருந்தேன்.”

கதவு திறந்து மூடியது. கொஞ்சம் குளிர் உள்ளே வந்தது. ஜன்னல் வழியாக, அவன் மனைவி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. மூலை திரும்பும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மேஜையில் அவன் ரொட்டியில் பாதி அப்படியே கிடந்தது. அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். மெல்ல மெல்ல ஏதோ ஒன்று அவளுக்கு உறைத்தது. விறுவிறுவென்று அடுப்புக்குப் போனாள்.

பாத்திரத்தைக் கழுவி மறுபடி வைத்தாள். ஆப்பிள் சாறு, பட்டை, கிராம்பு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் தேன், கொஞ்சம் எலுமிச்சை. ஸ்ட்ரா. சப்பென்றுதான் இருந்தது. சமையல்காரரின் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தூவிக் கிளறினாள். மறுபடி ஸ்ட்ராவை விட்டாள்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பட்டையும் இஞ்சியும் இனிப்பும் புளிப்பும் தத்தம் இடத்தில் எழுந்து நின்றன. பிராந்தி விட்டதைவிட நன்றாக இருந்தது. கோப்பையில் ஊற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தூறலில் தெரு ஈரமாகக் கிடந்தது. போகிற வருகிற யார் முதுகும் தம்பியின் முதுகாக இல்லை.

“அக்கா, நல்ல வாசனையா இருக்கே, அது என்ன? எனக்கும் ஒண்ணு” என்று உள்ளேயிருந்து ஒருவர் கேட்டார்.

“இது விக்கிறதுக்கில்லைங்க” என்றாள்.

ஒரு சிட்டிகை உப்பு. அதை அவன் வாயாலேயே சொன்னான், இதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சற்று முன்னால்தான் சொன்னான். அவள் கேட்டுச் சிரிக்கவும் சிரித்தாள்.