லைட் மினுக்கியபோது

குடிகாட்டில் கெமிக்கல் தொழிற்சாலைக் காற்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சோறு தின்ன முடியும். சத்யப்பிரியாவின் அம்மா பொன்னிக்கு ஜன்னலைச் சாத்தினாலும் இழுப்பு நிற்காது. அவளை அங்கிருந்து கிளப்ப ஒரே வழி, சென்னைக் கம்பெனி ஒன்று தருவதாகச் சொன்ன வேலை. ஜூலைக்குள் அரியர் எதுவும் இருக்கக் கூடாதாம். சத்யாவுக்கு இருந்ததும் ஒன்றே ஒன்றுதான், கம்ப்யூட்டர் லேப் பரீட்சை. போன வருஷம் சரியாக அன்றைக்குப் பார்த்து மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள்.

இந்தத் தடவை கடலூரில் தோழி மாலதி வீட்டுக் கம்ப்யூட்டரில் விழுந்து விழுந்து பழகினாள். அதில் புரோகிராம் அடிக்கும் எடிட்டர் மெனுவும் பொத்தானுமாகக் கல்யாண வீடு மாதிரி திறக்கும். ஆனால் அது 2011. மின்சாரம் வந்தால் வந்தது, போனால் போனது. "லைட்டு மினுக்குனா வேற எதுவும் யோசிக்காத, கண்ட்ரோல்-எஸ் அடிச்சு சேவ் பண்ணிடு" என்பாள் மாலதி. சொன்னது மூளைக்கு ஏறியதோ இல்லையோ, விரலுக்கு ஏறிவிட்டது.

பரீட்சை சிதம்பரத்தில், அவள் படித்த காலேஜில். லேப் பொறுப்பாளர் ஞானசேகரன் சார் வந்ததுமே சொல்லிவிட்டார்: "அறுவது பேருக்கு சர்வர் தாங்காது. இன்னிக்கு மெனு, மௌஸ் எதுவும் கெடையாது. எல்லாரும் டெர்மினல்லதான் அடிக்கணும்." சேவ் பண்ணும் கட்டளையை போர்டில் எழுதியும் போட்டார். சத்யா அசரவில்லை. கறுப்புத் திரையில் எழுபது வரி மளமளவென்று அடித்தாள். முடித்துவிட்டு மொத்தமாகச் சேவ் செய்துகொள்ளலாம் என்று இருந்தாள். இன்னும் ஐந்தாறு வரிதான் பாக்கி.

லைட் மினுக்கியது. விரல் தன்பாட்டுக்குக் கண்ட்ரோல்-எஸ் அடித்தது.

மின்சாரம் போகவில்லை. திரைதான் உறைந்துபோனது. எதைத் தட்டினாலும் ஓர் எழுத்துகூட நகரவில்லை.

"சார், ஹேங் ஆயிடுச்சு சார்!"

"இரும்மா, வரேன்" என்றார் அவர், அந்தக் கோடியில் யாரையோ கேள்வி கேட்டபடி.

இருபது நிமிஷம்தான் மிச்சம். ஐந்து நிமிஷம் பொறுத்தாள். அதற்குமேல் கை நிற்கவில்லை. பொத்தானை அழுத்தி அணைத்து மறுபடி போட்டாள். காப்பி அடிக்காமல் இருக்க, ஒவ்வொரு தடவை போடும்போதும் பழையதெல்லாம் அழிந்துவிடும்படி அந்த மெஷின்களைச் செய்து வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது. திரை துடைத்துவிட்ட மாதிரி வந்து நின்றது.

சார் அப்போதுதான் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஹேங் ஆவலம்மா. டெர்மினல்ல கண்ட்ரோல்-எஸ் அடிச்சா சேவ் ஆவாது, திரை அப்படியே நிக்கும். கண்ட்ரோல்-க்யூ அடிச்சிருந்தா திரும்ப ஓட ஆரம்பிச்சிருக்கும்."

"அப்ப நான் அடிச்சது சார்?"

"நீ ஆஃப் பண்ற வரைக்கும் உள்ளதான் இருந்துச்சு."

மிச்ச நேரத்தில் பத்து வரிகூடத் தேறவில்லை. அடுத்த பரீட்சை நவம்பரில். பஸ்ஸில் கடலூர் வரை அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்றுகூட அவள் கவலைப்படவில்லை.

குடிகாட்டு வீட்டில் ஜன்னல் சாத்தியிருந்தது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "வந்துட்டியா? ஜூலையில காலி பண்றோம்னு ஓனரம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிட்டேன்."

சத்யா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இல்லம்மா. இங்கதான் இருக்கோம்னு போய்ச் சொல்லிட்டு வரேன்."