வளைவுக்கு அப்புறம்

அந்தப் படிக்கட்டின் அடியில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். மாலை சீரியலின் நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப்போவது அந்தப் படிகளில்தான். முதல் வளைவில் திரும்புவாள். அடுத்த கணம் மலை உச்சியில் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நிற்பாள். கீழே ஊர் முழுக்க விரிந்து கிடக்கும். பார்க்க வருகிறவர்கள் வளைவு வரை ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு, போதும்டா சாமி என்று இறங்கிவிடுவார்கள்.

வளைவு ஒரு மலையிலும் உச்சி வேறொரு மலையிலும் இருப்பது கத்திரிக்குத் தெரியும். இரண்டையும் ஒட்டவைத்ததே அவர்தான். படத்தொகுப்பு அவர் தொழில். கத்திரி என்பது அக்கா வைத்த பெயர்.

அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, மகன் வீட்டில் படுத்திருந்த நாட்களில் அந்த சீரியல்தான் துணை. சுவரைப் பிடித்து நடக்கப் பழகியபோதும் மனசுக்குள் அந்தப் படிகளைத்தான் ஏறினாள். நடை வந்ததும், தன் வீட்டுக்கே போய்த் தனியாக இருப்பேன் என்று இடுப்பு உடைந்தவள் ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டுச் சாவியோ மகனிடம்.

"சரிம்மா, அந்த மலையில ஏறி, உச்சியில நின்னு போட்டோ அனுப்பு. சாவியைத் தர்றேன். முடியலைன்னா எங்களோடயே இருந்துடணும். மாமா, நீங்க கூடப் போங்க."

சீரியலில் வரும் உச்சி அந்த மலையில் இல்லை என்று கத்திரி அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் வளைவிலேயே திரும்பிவிடுவாள், சொல்லவேண்டி வராது என்று கணக்குப் போட்டார். மகனோடு இருப்பதே அவளுக்கு நல்லது என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது.

வளைவு வந்தது. அக்கா கைத்தடியை ஊன்றி நின்று, மூச்சு வாங்கினாள்.

"போதும்க்கா, திரும்பிடலாம்."

"உனக்கு முடியலைன்னா இங்க உக்காரு. நான் போயிட்டு வந்து கூட்டிக்கிறேன்."

வளைவுக்கு அப்புறம் படிகள் இல்லை. புழுதிப் பாதை. ஒரு பக்கம் வீடுகளின் பின்சுவர்கள், காயப்போட்ட துணிகள், யாரோ தூக்கிப்போட்ட சோபா. சோபாவில் கொஞ்சம் உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் சீரியல்ல வரவே இல்லையேடா?"

"வெட்டிட்டேன்."

"பாவி! உக்கார்ற இடத்தைப் போய் வெட்டுவாங்களா?"

மேலே ஏற ஏறச் சரிவு கூடியது. ஒரு இடத்தில் கால் வழுக்கி அவர் தோளைப் பற்றினாள். பிடி இறுகியதில் அவருக்குத் தோள் வலித்தது. விட்டுவிட்டு, மறுபடி ஏறினாள். இனி இவள் திரும்பப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்தபோது, சொல்வதற்கான நேரம் கடந்துபோயிருந்தது.

உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. சுற்றிலும் மரங்கள். ஊரின் ஒரு கூரைகூடக் கண்ணில் படவில்லை. அக்கா தொட்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"கம்பித் தடுப்பு எங்கடா?"

"அது இங்க இல்லக்கா. வேற மலை. நான்தான் ஒட்டினேன். உன்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

"நீ இவ்வளவு தூரம் வருவேன்னு நினைக்கலை."

அவர் செருப்பின் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ எப்படி அந்த மலைக்குப் போனா?"

"கார்ல."

"கார்லயா?" அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "அந்த அழுமூஞ்சியைப் பார்த்தாடா நான் நடக்கப் பழகினேன்! எடு போட்டோ. தொட்டி முழுசா தெரியணும்."

அனுப்பிய உடனே மகன் கூப்பிட்டான்.

"என்ன மாமா, தண்ணித் தொட்டியா இருக்கு? சீரியல்ல வர்ற இடம் இது இல்லையே. அம்மா பாதியில நிறுத்திட்டாங்களா? மறைக்காம சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா மகன் வீட்டிலேயே இருந்துவிடுவாள். கத்திரி திரும்பிப் பார்த்தார். அவள் கைத்தடியால் முன்னே தட்டித் தட்டி, பக்கவாட்டில் கால் வைத்து, தானாகவே இறங்கத் தொடங்கியிருந்தாள்.

"இதுதான்டா உச்சி. சீரியல்ல வர்றவ இங்க ஏறவே இல்ல. உங்கம்மா ஏறிட்டா. சாவியை எடுத்துட்டு வா."