கோப்பைக்கல்

ஹாலோவே கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் எந்த வீடு எந்த வருஷம் எழும்பியது, அதில் யார் பிறந்தார், யார் யாருக்கு மாப்பிள்ளையானார், எந்தச் சத்திரத்தில் எவன் குடித்துவிட்டு எவனைக் குத்தினான் என்று கேட்டால் கார்லண்ட் ஓவர்பி தூக்கத்தில்கூடச் சொல்வார். ஓர் ஆணியைப் பிடுங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக் கதவின் வயதைச் சொல்லிவிடுவார், தப்பாது. அவர் எழுதிய கவுண்டி வரலாறு செங்கல் கனம் இருக்கும். ஆதிக் குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆர்டீலியா க்ரூஸின் குடும்பம் மட்டும் இல்லை. ஓவர்பிகளின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் புகையிலை நட்டவர்கள் அவர்கள். முதலில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு நட்டார்கள், பிறகு விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு நட்டார்கள். எப்படி நட்டாலும் ஆதிக் குடும்பம் என்று யாரும் அவர்களைச் சொன்னதில்லை.

ஆர்டீலியா அதற்காகச் சண்டை போட வரவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டாள். சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன, இயந்திரம்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்து அவளை ஓட்டிக்கொண்டிருந்தது. வந்த காரியம் ஒன்றுதான். அம்மா லுவீனியாவைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் பார்த்துவைக்க வேண்டும்.

பால்டிமோரிலிருந்து காரை ஓட்டி வந்தவன் ராஸ்கோ, அவளுடைய தங்கை மகன். அங்கே பஸ் டிரைவர்.

"ஏன் பெரியம்மா, சாகறதுக்கு முன்னாடி எல்லாரும் கடலப் பாக்கணும் மலையப் பாக்கணும்பாங்க. நீங்க மட்டும்தான் குழியப் பாக்கணும்ங்கறீங்க."

"நீ பஸ் ஓட்டறவன்தானே? முன்னாடியே எடம் புடிக்கலேன்னா கடைசிவரைக்கும் நின்னுகிட்டே போகணும்னு தெரியாது உனக்கு?"

"சரி, கல்லப் பாத்தா அடையாளம் தெரியுமா? எட்டு வயசுல பாத்தது."

"மத்ததெல்லாம் மறந்துபோச்சுடா. அந்தக் கல்லு மறக்காது. அப்பா கொத்தினாரு, நான்தான் கோப்பையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவர்கள் வழக்கப்படி, செத்தவர் கடைசியாக வாய் வைத்துக் குடித்த பாத்திரம் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. அதைக் குழிமேட்டில் வைத்து அடியில் ஓர் ஓட்டை போட்டுவிடுவார்கள், வேறு யாரும் எடுத்துப் புழங்காமல் இருக்க. லுவீனியா பிரசவத்தில் போனாள், பிள்ளையும் போனது. அவள் கடைசியாகக் குடித்தது கைப்பிடி வைத்த ஒரு வெள்ளைக் கோப்பையில். பன்றிகள் மேய்கிற இடமாயிற்றே, உருட்டிவிடுமே என்று அவள் புருஷன் ஹோசியா ஓடைக்கல் ஒன்றைத் தோளில் சுமந்துவந்தான். உச்சியில் கோப்பை உட்காருகிற அளவுக்குக் குழி தோண்டினான். எழுத்து வெட்ட அவனுக்குத் தெரியாது. கோப்பையை வைத்து வைத்து எடுத்தது எட்டு வயது ஆர்டீலியா. கைப்பிடி இடித்தது. அதற்காகப் பக்கத்தில் ஒரு சின்னக் காடியும் கொத்தினான். கோப்பை அசையாமல் உட்கார்ந்தபோது அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், நல்ல வேலை என்று. அழுகையெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. அடுத்த வருஷமே குடும்பம் வடக்கே கிளம்பிவிட்டது.

ஓவர்பி தன் பழைய சத்திரத்து வாசலிலேயே காத்திருந்தார். தொப்பியைக் கழற்றினார். கிழவி இறங்கக் கை கொடுத்தார். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். போனில் அவர் சொன்னதும் ஞாயமாகத்தான் இருந்தது: இடம் மட்டும் தெரிந்தால் போதும், அங்கேயே அடக்கம் செய்துகொள்ளலாம், எழுதித் தருகிறேன்.

சத்திரத்துக்குப் பின்னால் இருந்த காட்டுக்கு முதலில் கூட்டிப்போனார். மரங்களுக்கடியில் தரை தெரியாமல் நீலப்பூக்கொடி படர்ந்திருந்தது. எங்கள் பக்கத்துக் காட்டில் அந்தக் கொடி தானாக முளைப்பதில்லை. யாரோ யாரையோ புதைத்துவிட்டு நட்டதாகத்தான் இருக்கும்.

"பூவு இருக்கு, இல்லேங்கல மிஸ் ஆர்டீலியா. ஆனா அந்தக் காலத்துல சத்திரத்து அம்மாக்களும் தோட்டத்துல இத வெச்சிருந்தாங்க. இந்தக் காட்ட அடி அடியா நடந்து பாத்துட்டேன். ஒரு கல்லு நின்னாலும் என் கண்ணுல படாமப் போயிருக்காது."

"இந்தப் பள்ளமெல்லாம்?" என்றான் ராஸ்கோ. "ஆள் நீளத்துக்கு இருக்கே!"

"மரம் வேரோட சாஞ்சா அப்படித்தான் ஆகும்."

எதற்கும் அவரிடம் ஒரு விடை இருந்தது. ஆர்டீலியா கைத்தடியை ஊன்றி நின்று பார்த்தாள். அவள் நினைவில் மூன்று தேவதாரு மரங்கள் இருந்தன. இங்கே அடிக்கட்டைகள்கூட இல்லை.

"உள்ள வந்து உக்காருங்க," என்றார் ஓவர்பி. "இன்னைக்கு சத்திரத்த ஊர் ஜனம் பாக்கத் தெறந்துவிடற நாளு. நெருப்புப் போட்டிருக்கேன், குளிருக்கு எதமா இருக்கும்."

கவுண்டி ஜனம் பத்துப் பதினைந்து பேர் உள்ளே பிஸ்கட்டும் பன்றித்தொடையும் தின்றுகொண்டிருந்தார்கள். இடிந்து கிடந்த சத்திரத்தை ஓவர்பி தன் கையாலேயே நிமிர்த்தியவர், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான பெருமை கணப்பு, குளிருக்கு நெருப்பு மூட்டுகிற அடுப்பு. ஒரு மாட்டையே நிறுத்தலாம் போன்ற கணப்பு, கூரை வரைக்கும் காட்டுக்கல். அதன் முன்னே நின்று அவர் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த ஓரக் கல்லப் பாருங்க. இதுல ஒரு குழி இருக்கு பாத்தீங்களா? குதிரையில வர்ற பிரயாணிங்களுக்கு சத்திரக்காரரு ரம்மு சூடு பண்ணி, ஆறாம இருக்க இதுலதான் வெப்பாரு. இந்தப் பக்கம் காடி இருக்கே, அது நெருப்புக்கோல் சாத்த."

குழியில் ஓர் ஈயக் குவளை ஆப்பிள் சாறோடு ஆவி பறக்க நின்றது. கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆர்டீலியாவுக்கு அந்த ஆட்டம்தான் முதலில் கண்ணில் பட்டது.

"மிஸ்டர் ஓவர்பி, அந்தக் குவளைய எடுங்க."

எடுத்தார். ஏனென்று கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர்.

"ராஸ்கோ, அந்த அலமாரியில ஒரு வெள்ளைக் கோப்பை இருக்கு பாரு. கைப்பிடி வெச்சது. அதக் கொண்டா."

ராஸ்கோவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கோப்பையைக் கொண்டுவருகையில் அவன் முகம் வேறாக இருந்தது. கிழவி நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் முழங்காலிட்டாள். கோப்பையைக் குழிக்குள் இறக்கி, கொஞ்சம் திருப்பினாள். கைப்பிடி காடிக்குள் போய் விழுந்தது. கையை எடுத்தாள். கோப்பை அசையவில்லை.

பிஸ்கட் தின்ற வாய்கள் நின்றுவிட்டன.

"இது ரம்முக்குக் கொத்தினதில்ல," என்றாள். "எங்கம்மாவுக்குக் கொத்தினது. எங்கப்பா கொத்தினாரு. நான்தான் அளவு பாத்தேன்."

ஓவர்பி குனிந்து கோப்பையைப் பார்த்தார், காடியைப் பார்த்தார். ஆணியைப் பார்த்து வயது சொல்கிற கண் அது, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. மெல்ல நிமிர்ந்து கணப்பின் மேலே, கூரை வரைக்கும், ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?" என்றான் ராஸ்கோ.

"பின்னாடி காட்டுலேருந்து. முப்பது வருஷம் இருக்கும். சத்திரத்துப் பழைய சமையக்கட்டுச் சொவருன்னு நெனச்சேன்."

"கெடந்த கல்லா, நின்ன கல்லா?"

ஓவர்பி ஒரு கல்லின் விளிம்பை விரலால் தடவினார்.

"நின்ன கல்லும் இருந்துது. வரிசையா."

"வரிசையா நின்ன கல்லு உங்களுக்குச் சொவராவா தெரிஞ்சுது?"

"எனக்கு அப்போ கல்லு வேண்டியிருந்துது தம்பி," என்றார் ஓவர்பி. குரல் இறங்கிப்போயிருந்தது. "அதனால சொவராத் தெரிஞ்சுது."

"மொதல்ல நெருப்ப அணைங்க," என்றாள் ஆர்டீலியா.

வாளியோடு ஓடியவரும் அவரேதான். புகை அறையை நிரப்பியது, வந்த ஜனம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது. கிழவி உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்தாள். சுட்டது. எடுக்காமல் வைத்திருந்தாள். ராஸ்கோதான் அவள் கையைப் பிடித்து எடுத்துவிட்டான்.

மறுபடி காட்டுக்குப் போனார்கள்.

"இந்தக் கல்லு நின்ன எடத்த மட்டும் காட்டுங்க," என்றாள். "போதும். கோபமெல்லாம் அப்புறம் பட்டுக்கறேன்."

நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். ஆர்டீலியாவுக்குக் கல் கிடைத்துவிட்டது, கல்லுக்கடியில் கிடந்தவள்தான் கிடைக்கவில்லை. ஓவர்பி ஒரு பள்ளத்தருகே போய் நின்றார். தலையை ஆட்டினார். இன்னொன்றுக்குப் போனார். டிராக்டரை எங்கே நிறுத்தினோம், எந்தப் பக்கமிருந்து ஏற்றினோம் என்று தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டார். சத்திரத்தின் ஒவ்வொரு பலகைக்கும் படம் வரைந்து, எண் போட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்த மனிதர். இந்தக் கற்களுக்கு ஒரு கோடுகூட இழுத்து வைத்ததில்லை. கடைசியில் ஒரு பள்ளத்தைக் காட்டினார்.

"இங்கதான்னு நெனக்கிறேன், மிஸ் ஆர்டீலியா."

கிழவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எதையாவது கொடுத்தனுப்பிவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. பாவப்பட வைக்கிறாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"உங்க புஸ்தகத்துல நிச்சயமாத் தெரியாததுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டிருக்கீங்க. படிச்சேன். இதுக்கும் அதையே போடுங்க."

ஓவர்பி சத்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கணப்ப முழுசாப் பிரிச்சுடறேன். ஒரு கல்லு விடாம இங்கயே கொண்டாந்து வெச்சுடறேன்."

"எத எங்க வெப்பீங்க?"

தொப்பியைக் கையில் பிடித்தபடி பூக்கொடி நடுவில் நின்றார். பின்னால் அவர் சத்திரத்தின் புகைபோக்கியிலிருந்து ஈரப்புகை இன்னும் வந்துகொண்டிருந்தது.

காரில் ஏறிக் கிளம்பினார்கள். புகையிலைக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"பெரியம்மா," என்றான் ராஸ்கோ. "அப்ப பால்டிமோர்லயே பாத்துரலாமா? சர்ச்சுக்குப் பின்னாடி எடம் இருக்கு."

"வேணாம். அந்தக் காட்டுக்கே கொண்டா. எழுதித் தரேன்னு சொன்ன வாய் இருக்கு, எழுதி வாங்கிக்க. எந்தப் பள்ளத்துக்கும் எந்தப் பள்ளத்துக்கும் நடுவுல வேணாலும் போடு. எங்க போட்டாலும் யாராவது ஒருத்தரோட அம்மாவுக்குப் பக்கத்துலதான் கெடப்பேன்."

ராஸ்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கல்லுல என்ன எழுதறது?"

ஆர்டீலியா சுட்டுப்போன உள்ளங்கையைக் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தாள்.

"கல்லே வேணாண்டா. நல்ல கல்லா இருந்தா எவனாவது அடுப்புக்கு எடுத்துட்டுப் போயிருவான்."