ஒன்பது பேரை எழுப்புகிறவள்

அலாரம் மணிக்கூடு வைத்திருக்கிறவனுக்கு என் வீட்டில் கட்டில் கிடையாது. இதை நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன். ஊரைவிட்டு வந்து இந்தக் குளிர்நாட்டில், பார்க்டேலில், அந்த நாளில் அறை வாடகைக்கு விட்ட தமிழர் நான் ஒருத்தி மட்டுமல்ல. சோறும் கறியும் எல்லாரும்தான் கொடுத்தார்கள். என் வீட்டில் கட்டில் எப்போது காலியாகும் என்று ஆட்கள் கேட்டுத் திரிந்தது என் மீன்குழம்புக்காக இல்லை. கோணேஸ்வரி அக்கா எழுப்புவா என்பதற்காக.

மேல்மாடியில் மூன்று அறை, அறைக்கு மூன்று பேர். ஒருவன் விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும், ஒருவன் ஆறு மணிக்கு. இன்னொருவன் அப்போதுதான் இரவு வேலை முடிந்து வந்து சரிந்திருப்பான். ஒரு மணிக்கூடு அலறினால் மூன்று பேரின் நித்திரையும் நாசம். ஆகவே மணிக்கூடுகளைத் தடை செய்துவிட்டு, நானே படியேறிப் போய் உரியவனின் கால் பெருவிரலைப் பிடித்து ஓர் இழுவை இழுப்பேன். மற்ற இருவரும் அசையமாட்டார்கள். எண்பத்துநாலில் தொடங்கி மூன்று வருசம், காய்ச்சலோ பனிப்புயலோ, ஒரு நாள் தவறியதில்லை. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

மாமாங்கம் என்கிறவர் என் வீட்டுக்கு வந்தது எண்பத்தேழு மாசியில். மட்டக்களப்பு ஆள், முப்பத்தைந்து வயது, பேக்கரியில் வேலை. பழைய வீட்டில் அறைத்தோழன் மணிக்கூட்டின் தலையில் தட்டி நிறுத்திவிட்டுப் படுத்ததால் இரண்டு தரம் வேலைக்குப் பிந்திவிட்டார். மூன்றாம் தரம் பிந்தினால் வரத் தேவையில்லை என்று மனேச்சர் சொல்லியிருந்தார். வேலை போனால் வேலைக் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிட முடியாது.

“அக்கா, ஏப்ரல் ஆறாம் திகதி கடிதம் தாறன் எண்டிட்டார். அதுமட்டும் என்னைப் பிந்த விட்டிடாதேங்கோ.”

“என்ரை வீட்டிலை ஒருத்தரும் பிந்தினதில்லை. நீர் போய்ப் படும்,” என்றேன்.

இந்த நாட்டில் வருசத்துக்கு இரண்டு தரம் நேரத்தையே பிடித்துத் தள்ளுவார்கள். கோடைக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, குளிருக்குப் பின்னுக்கு. அதையும் நான் விட்டதில்லை. ஏப்ரல் கடைசி ஞாயிறு, ஒக்ரோபர் கடைசி ஞாயிறு என்று தை மாதமே கலண்டரில் வட்டம் போட்டுவிடுவேன். அந்த வருசம் பாவிகள் அதை ஏப்ரல் முதல் ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குத் தெரியாது.

ஏப்ரல் ஐந்து, ஞாயிறு. நாலரைக்கு மாமாங்கத்தின் விரலைப் பிடித்து இழுத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் ஏறிப் போனார். ஏழு மணியாக முன்னமே திரும்பி வந்து வாசலில் நின்றார்.

“அக்கா, ஊர் முழுக்க ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போட்டுது. எங்கடை வீடு மட்டும் நிக்குது. பிந்தினதுக்கு வாசலிலையே திருப்பி அனுப்பிட்டினம்.”

சத்தம் கேட்டு நீக்கிலாஸ் கீழே வந்தான். நடு அறைப் பொடியன், ரீவி பார்க்கிறவன். “ரீவியிலை சொன்னவங்கள்தான் அக்கா. உங்களுக்குத் தெரியாத நேரமோ எண்டிட்டுப் பேசாமல் படுத்திட்டன்.”

அவனுக்கு அடிக்கக் கை வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அவன் வேறு ஆறுதல் சொன்னான். சறுக்கிய ஆனை எழும்பிப் போய்விடும், அடா! அதன் கீழே கிடக்கிறவனுக்கு என்ன ஆறுதல் சொல்வாய்?

கோட்டை மாட்டிக்கொண்டு மாமாங்கத்தை இழுத்துக்கொண்டு பேக்கரிக்கு ஓடினேன். மனேச்சர் கையெல்லாம் மாவோடு வெளியே வந்தார். கெட்ட மனுசன் இல்லை. இன்றைக்கு இன்னும் இரண்டு பேர் இதே நேரக் குழப்பத்தில் பிந்தித்தான் வந்தார்கள் என்று சொல்லித் தலையைச் சொறிந்தார். அவர் முகம் இளகியதை நான் கண்டேன். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

“பிழை என்னுடையது, சேர். இவரை எழுப்புவது நான்,” என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

“நீங்கள் இவருடைய அம்மாவா?”

“இல்லை. வீட்டுக்காரி. ஒன்பது பேரை எழுப்புகிறேன். மூன்று வருசமாக ஒரு நாள் தவறவில்லை.” அந்த நேரத்திலும் பெருமை கேட்டது எனக்கு.

அவர் மாமாங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். “உன்னிடம் ஒரு மணிக்கூடுகூட இல்லையா?”

மாமாங்கம் இல்லையென்று தலையாட்டினார்.

“நாளைக்கு இந்த அம்மா வருத்தம் வந்து படுத்தால் என் பாணை யார் அடுப்பில் வைப்பது?”

கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து மாமாங்கத்தின் சப்பாத்தையும் ஏப்ரனையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். நுணல் தன் வாயால் தான் கெடும் என்பார்கள். நானோ என் வாயால் இன்னொருவனின் குடும்பத்தைக் கெடுத்தேன்.

திரும்பி வரும்போது ஸ்ரீட்காரில் அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசும், மாமாங்கம், ஏசும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி வந்தார். “மகளுக்கு வாற மாசம் எட்டு வயசு,” என்றார் ஒரே ஒரு தரம். அதை என்னிடம்தான் சொன்னாரோ தெரியாது.

அன்றிரவு மணிக்கூட்டைத் திருத்தி, தொலைபேசியில் நேரம் கேட்டுச் சரிபார்த்து, பிறகும் இரண்டு தரம் கேட்டேன். திங்கள் நாலரைக்குப் படியேறினேன்.

முதல் அறைக்குள் போனேன். விரலைத் தொட முன்னமே, “எழும்பிட்டன் அக்கா,” என்றது ஒரு குரல். நடு அறையில் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டிய நீக்கிலாஸ் உடுப்பும் மாட்டிக்கொண்டு இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைத் தேடினான்.

கடைசி அறையில் மாமாங்கம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“நீர் ஏன் முழிச்சுக் கிடக்கிறீர்? படுமன்,” என்றேன் மெல்ல.

“நீங்கள் முழிச்சிருக்கிறியள் எண்டுதான் அக்கா இவ்வளவு நாளும் நித்திரை வந்தது.”

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆறு மணிக்கு எழும்ப வேண்டியவன், இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்க, கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான்.