பிறந்த வீட்டுக் கோடி

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே போகத் தைரியமில்லாததால் இதை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில், ரயில்வே லைனை ஒட்டிய வாடகை வீடு. உள்ளறையில் என் அம்மா அம்சவள்ளி படுத்திருக்கிறாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் ஒலக்கூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, நான் பிழை திருத்தும் அச்சகத்தில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. செத்தால் தன்மேல் பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். பெண் செத்தால் அவள் அப்பன்வழிப் பங்காளி ஒருவன் புதுப்புடவையோடு வந்து போர்த்துவதுதானே வழக்கம். அவளுக்கு அப்பனும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. ரங்கூனில் பிறந்தவள். அறுபத்து நாலில் பர்மாவிலிருந்து எங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிறந்த வீடு என்று இனி ஒன்று இருக்குமானால், அது அவளுடைய அப்பனைப் பெற்ற தாத்தா பெரியதம்பி விட்டுப்போன ஊரில்தான் இருக்க வேண்டும். அதைத் தேடித்தான் போனேன்.

2

தொடக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன்.

'மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே, விடியும் நேரத்தில், பெரியதம்பி தன் ஊரைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்கள்'

[கலங்கினவா? எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.]

இன்னொன்று: 'பஞ்சம் பிழைக்க வழியில்லாமல்'

[எல்லோரும் எழுதுவது. இதுவும் வேண்டாம்.]

அவரைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தவை பேரும் ஊரும்தான். [ஊர்ப் பெயர் இந்த இடத்தில் இருந்தது. அதையும் அடித்தேன். அங்கே இருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.] தெருவை அவர் சொன்னதே இல்லை. குலதெய்வம் எது, பங்காளிகள் யார், எதையும் சொல்லவில்லை. கேட்டால் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவாராம். முதலில் அவரை மறதிக்காரக் கிழவராக எழுதினேன். பாத்திரம் நிற்கவில்லை. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு ஒருநாளும் பிசகாத மேஸ்திரி, தான் பிறந்த தெருவை மட்டும் மறப்பாரா?

3

திண்டிவனம் தாலுகா ஆபீசில், அவ்வளவு பழைய கணக்கெல்லாம் கிராமத்தில் இருந்தால்தான் உண்டு என்று அனுப்பிவிட்டார்கள்.

கிராமக் கணக்குப்பிள்ளை கோதண்டபாணி என்னை நன்றாகத்தான் வரவேற்றார். நாற்காலி போட்டார். உள்ளே காபிக்குச் சொன்னார். பர்மாவில் எங்கள் கடை கண்ணியெல்லாம் போனதற்கு உச்சுக்கொட்டினார். பரணிலிருந்து தன் தாத்தா காலத்துப் பட்டாக் கணக்கை இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினார். பெரியதம்பி இல்லை. இன்னொரு முறை ஓட்டினார். இல்லை.

"கணக்குல இல்லன்னா ஊர்த்தெருவுல இல்லப்பா. அப்போ எங்க இருந்திருப்பான்னு நான் வேற சொல்லணுமா? வாய்க்காலுக்கு அந்தாண்ட போய்க் கேளு."

வரும்போது 'வாங்க' என்றவர்தான். காபி வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கே கூச்சமாகிவிட்டது. எழுந்துகொண்டேன். எழுந்ததற்காக என்னை நானே வெறுக்கிறேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பட்டாக் கணக்கு என்பது நிலம் வைத்திருந்தவர்களின் கணக்கு. நிலமில்லாதவன் எந்தத் தெருவிலும் பிறந்திருக்கலாம். இது கணக்குப்பிள்ளைக்குத் தெரியாததல்ல.)

4

வாய்க்காலைத் தாண்டிச் சேரிக்குப் போனேன். விருத்தாசலம் என்கிற பெரியவர் கட்டிலில் இடம் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். முழுக்கதையையும் கேட்டார். பிறகு அவர் முறை. மாமன் வகையறா யார், எந்தச் சாமிக்குப் பொங்கல் வைப்பீர்கள், மொட்டை எங்கே போடுவீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் திருதிருவென்று விழித்தேன். கோடிக்கு ஒருவர் வந்தால் போதும் என்று கெஞ்சினேன்.

"கணக்குப்பிள்ள அனுப்பிச்சாருன்னு எங்காளுன்னு சொல்லிட முடியுமா தம்பி? நெலமில்லாதவன் ஊர்லயும்தான் இருந்தான். எங்க வூட்டுப் பொம்பளைக்கு நீ எப்பிடிடா கோடி போட்டேன்னு நாளைக்கு ஊர்க்காரன் ஒருத்தன் வந்து நின்னா, ஒதை வாங்கறது நாங்க. நீ பஸ் ஏறிப் போய்க்கினே இருப்ப."

அவர் சொன்னதில் பிழையில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

5

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கூலிமூலம் பார்க்காதே என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை.

மயிலம் தாண்டி பஸ் வரும்போதுதான் பெரியதம்பி எனக்குப் பிடிபட்டார். அவர் மறக்கவில்லை, மறைத்தார். பேத்திக்கு ஒரு சொத்தும் வைக்காத மனிதர், தெருவில்லாத ஒரு பெயரை வைத்துவிட்டுப் போனார். ரங்கூனில் எங்கள் வரிசை வீடுகளில் எவரும் எங்களை எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அவர் கடலில் போட்டதை, நான் பஸ் டிக்கெட் வாங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் முழுசாக இல்லை. இந்தத் தெரு என்று வெறுக்கவும் முடியாது, அந்தத் தெரு என்று ஒட்டிக்கொள்ளவும் முடியாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, எனக்குப் பூதம்கூடக் கிடைக்கவில்லை.

6

முடிவு அ: பங்காளிகள் கிடைத்துவிட்டார்கள், வேளை வந்தால் வருவார்கள் என்று அம்மாவிடம் சொல்வேன். நிம்மதியாகப் போவாள். அப்புறம் நானே கடையில் ஒரு புடவை வாங்கிப் போர்த்துவேன். செத்தவளை ஏமாற்றுவது சுலபம்.

முடிவு ஆ: உள்ளதைச் சொல்வேன். உன் பிறந்த வீட்டை உன் தாத்தாவே அழித்துவிட்டார், உன் நல்லதற்காக. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து

[வேண்டாம்.]

முடிவு இ: நான்

7

அடுப்புப் புகை வருகிறது. எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படி வரை வந்து நிற்கிறாள். தலை சீவி முடிந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்க்கிறாள்.

"பின்னால வந்துக்கினு இருக்காங்களா?" என்கிறாள். "எத்தினி பேருன்னு சொல்லுடா. ஒல கொதிக்குது, அரிசி போடணும்."

அவள் கேட்பது ஒரு எண்தான். நீங்கள் சொல்லுங்கள். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.