கீழ்முனை

காலையில் கண் விழித்தால் கட்டையனுக்கு முதலில் தெரிவது இடுப்புதான். அப்புறம்தான் சுவர் தெரியும், ஜன்னல் தெரியும், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி தெரிவாள். வலப்பக்கம், பெல்ட் போடும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, யாரோ திருகாணியை வைத்து நிதானமாகத் திருகுவது போல ஒரு வலி. எழுந்து உட்காருவதற்குள் கட்டிலை ஒரு தடவை பிடிப்பான், சுவரை ஒரு தடவை பிடிப்பான், பல்லை நாலு தடவை கடிப்பான். மனைவி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி முதுகில் ஒரு தள்ளு கொடுப்பாள். வண்டி கிளம்பிவிட்டதா, இன்னும் தள்ள வேண்டுமா என்று கேட்பாள்.

வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனியில் அவன் சுமைக்காரன். பதினேழு வருஷமாகிறது. ஆள் குள்ளம், தோள் மட்டும் கதவகலம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. வாயில் இருந்தது கட்டையன்தான்.

இந்தத் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சமதரையில் ஒரு பீரோவை இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்குப் பாதி. மாடிப்படியில் அந்த நியாயம் செல்லாது. ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, கீழே நிற்கிறவன் நெஞ்சில்தான் பாரம் வந்து உட்காரும். மேலே நிற்கிறவன் வழி பார்ப்பான், பிடித்துக்கொள்வான், கொஞ்சம் இழுப்பான். அதனால் சுமைக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கீழ்முனைக்காரனுக்குப் போதும் என்று பட்டால், சாமானின் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவான். அடுத்த திருப்பத்தில் இறக்கி வைத்து ஆள் மாறிக்கொள்வார்கள். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. தட்டியவனைக் கேலி செய்கிறவனுக்கு அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரும் தண்டனை.

பதினைந்து வருஷம் கட்டையனுக்கு ஜோடியாக இருந்தது அவன் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஒருத்தன் மூச்சு விடுவதை வைத்தே இன்னொருத்தன் படியில் கால் வைப்பான். மூன்று மாதத்துக்கு முன்னால் மச்சான் கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டான். அங்கேயும் அதே சுமைதான், சம்பளம் மட்டும் மூன்று மடங்கு. அவன் போன மறுவாரம் சூப்பர்வைசர் ஒரு நெட்டையனைக் கூட்டிக்கொண்டு வந்து, இனிமேல் இவன்தான் உனக்கு ஜோடி என்று நிறுத்தினார்.

நெட்டையன் எந்த நாட்டுக்காரன் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. மலை நாடு என்றார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் சொன்னார். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான். சிரித்தால் ஈறு தெரியும். மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. ஏத்து, இறக்கு, மெதுவா, பார்த்து, மச்சான் என்று ஐந்து வார்த்தை கட்டையன் கற்றுக்கொடுத்தான். ஐந்தாவது வார்த்தைதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. சூப்பர்வைசர் மச்சான், லாரி டிரைவர் மச்சான், நாய்கூட மச்சான். ஒரு வீட்டில் கண்டிப்பான அம்மாள் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்று, "மச்சான், இறக்கு?" என்றான் நெட்டையன். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு எல்லோருக்கும் கூடுதலாக ஒரு குளிர்பானம் கிடைத்தது.

மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. கட்டையன் பேசுகிற மாதிரியே பேசினான், அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவன் திட்டுகிற மாதிரியே திட்டி. மச்சான் என்றால் என்ன உறவு என்று விளங்கியதும் ஒரு நாள் யோசித்துப் பார்த்து, கட்டையனின் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் அதற்கு முன்பே அவனுக்கும் சேர்த்து இரண்டு டிபன்பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஆன பிறகு அவனுடைய டப்பா பெரிதாயிற்று. கட்டையனுடையது அப்படியேதான் இருந்தது. கேட்டதற்கு, அண்ணன் ஆறடி, நீ எத்தனை அடி என்றாள்.

இதெல்லாம் நல்லதுதான். ஒன்றுதான் உறுத்த வேண்டியது, உறுத்தவில்லை. நெட்டையன் ஒரு நாளும் தட்டவில்லை.

முதல் நாள் உயரமானவன் கீழே நிற்கட்டும் என்று கட்டையன்தான் மேல்முனைக்குப் போனான். எப்படியும் இரண்டாவது மாடியில் தட்டுவான் என்று காத்திருந்தான். தட்டவில்லை. முதல் வாரம் காத்திருந்தான். இரண்டாவது வாரம் ஆச்சரியப்பட்டான். மூன்றாவது வாரம் பழகிவிட்டது. இடுப்புக்கு மச்சான் காலத்தில் கிடைக்காத ஓய்வு கிடைத்தது. தட்டுகிற வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பார்த்துத் தெரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டான். பார்ப்பதற்குக் கட்டையன் ஒரு தடவையாவது கீழ்முனையில் நிற்க வேண்டுமே, நிற்கவில்லை.

சொல்லாததற்குக் காரணமும் இருந்தது. கீழ்முனை தூக்க முடியாதவனுக்குக் கம்பெனியில் ஒரே இடம்தான், பேக்கிங். தட்டு, டம்ளர்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. பாதிச் சம்பளம். மகள் நர்ஸ் படிப்பில் இரண்டாவது வருஷம் இருந்தாள். இடுப்பு விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனால் மூன்றாவது வருஷம் இல்லை. கட்டையனுக்கு இது தூக்கத்திலும் தெரியும்.

டீக்கடையில் மற்ற சுமைக்காரர்கள் கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் உடம்பே வேறு வார்ப்பு, வலி என்றால் என்னவென்றே தெரியாது என்பான். எல்லோரும் தலையாட்டுவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் கல் சுமக்கிறார்களாம் என்பான் ஒருத்தன். நின்றுகொண்டே தூங்குவார்களாம் என்பான் இன்னொருத்தன். அந்த நாட்டை ஒருத்தனும் பார்த்ததில்லை; தெரியாத விஷயமும் ஒன்று இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் போனில் வந்தான். திரையில் முகம் பாதிதான் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தங்கச்சி தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகு சொன்னான். அங்கே அவனுக்கு வாய்த்த ஜோடி அந்த ஊர் ஆள், நல்லவன்தான், சிகரெட் கொடுப்பான், பிறந்த நாளுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்தான். ஆனால் கீழ்முனைக்கு வரவே மாட்டான். இவன் தட்டித் தட்டிப் பார்த்தான். இவன் தாளம் போடுகிறான் என்று நினைத்து அவன் சிரிக்கிறான். "உங்க ஆளுங்க இரும்புன்னு சொல்றான். முதுகைத் தட்டிக் கொடுக்குறான். அவன்கிட்ட என்னத்தைச் சொல்ல?" என்று மச்சானும் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகப் போயிற்று.

போனை வைத்ததும் மனைவி அழவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தக் கண் காணாத மனிதனைத் திட்டினாள். அவன் குடும்பத்தை, அவன் வாங்கிக் கொடுத்த தொப்பியை, அவன் சிகரெட்டை எல்லாவற்றையும் வரிசையாக இழுத்தாள். கடைசியில், "கூட நிக்கிறவனுக்கு வலிக்குமான்னு ஒரு வார்த்தை கேக்காதவன் இடுப்பு ஒடிஞ்சு போக" என்றாள்.

கட்டையன் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த செருப்பையே மறுபடியும் துடைத்தான்.

திங்கட்கிழமை வேலை ஆறு மாடிக் கட்டடத்தில். லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. பழைய காலத்து இரும்பு பீரோ ஒன்று, உள்ளே ஒன்றும் இல்லாமலே ஒரு கன்றுக்குட்டி கனம். வழக்கம் போல நெட்டையன் கீழே போய் நின்றான். ஒன்று ஏறினார்கள், இரண்டு ஏறினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கட்டையன் இறக்கி வைக்கச் சொன்னான். நெட்டையன் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். நெஞ்சுக்குக் குறுக்கே, பீரோவின் விளிம்பு உட்காரும் இடத்தில், கருநீலமாக ஒரு பட்டை ஓடியது. கட்டையன் அதை இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறான். அது அவன் தோலின் நிறம் என்று வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா ஒரு நாளும் தட்டலை?" என்றான்.

நெட்டையனுக்குப் புரியவில்லை. கட்டையன் பீரோவின் மேல் இரண்டு தட்டு தட்டிக் காட்டி, எதற்கு என்று சொன்னான். நெட்டையன் வாயைப் பிளந்தான். மற்ற ஜோடிகள் தட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். உள்ளே சாமான் ஏதாவது மறந்துபோய் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள் என்று நினைத்தானாம். அவனும் இரண்டொரு பெட்டியை அப்படித் தட்டிப் பார்த்து, காலிதான் என்று சொல்லியிருக்கிறான்.

"உங்க ஊர்ல எப்படி மாத்துவீங்க?"

"மேல இருக்கவன் கேப்பான் மச்சான். போதுமான்னு. கீழ இருக்கவனுக்குப் பேச மூச்சு ஏது? அவனாக் கேக்கக் கூடாது, அசிங்கம்."

"நான் கேக்கலையே."

"கேக்கலை." நெட்டையன் ஈறு தெரியச் சிரித்தான். "முத நாளு பார்த்தேன். ரெண்டாம் நாளு பார்த்தேன். சரி, இந்த ஊர்ல புதுசா வந்தவன்தான் கீழ போல, எத்தனை வருஷமோன்னு நெனச்சேன். தங்கச்சி நல்லா சாப்பாடு போடுது. அதான், இருக்கட்டும்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் கட்டையனும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான். அப்படிச் சொல்லவில்லை. கட்டையன் பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டு, பீரோவைச் சுற்றி வந்து கீழே நின்றான். வேண்டாம், பழகிவிட்டது என்றான் நெட்டையன். மேலே போடா என்றான் கட்டையன்.

நாலாவது மாடி வரைக்கும் பல்லைக் கடித்தான். அதற்கு மேல் கடிக்கப் பல் போதவில்லை. பாரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, மூச்சை அரை மூச்சாக்கி, அப்படியே இடுப்புக்கு இறங்கியது. மூன்று மாதமாக ஒருத்தன் இதைத் தூக்கிக்கொண்டே, படி முழுக்க மச்சான் மச்சான் என்று பேசிக்கொண்டும் வந்திருக்கிறான். அரை மாடிக்கு ஒரு தடவை மேலேயிருந்து, "போதுமா?" என்று கேட்டான் நெட்டையன். "ஏறு" என்றான் கட்டையன். ஐந்தாவது மாடியின் கடைசிப் படியில் திருகாணி முழுசாக இறங்கியது. வலது கால் அவன் கால் இல்லை என்று ஆகிவிட்டது.

மேலே நிற்கிறவன் கையை விட்டால் கீழே நிற்கிறவன் கதை முடிந்தது. நெட்டையன் விடவில்லை. படியிலேயே உட்கார்ந்து, இரண்டு காலையும் கைப்பிடிக் கம்பியில் உதைத்து, மொத்த பீரோவையும் தன் மேல் இழுத்துக்கொண்டான். "மச்சான், நீ விடு. நான் புடிச்சிருக்கேன், விடு" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. கட்டையன் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நழுவினான்.

சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் ஓடி வந்து, பீரோவைத் தளத்தில் இழுத்து வைக்கக் கை கொடுத்தார். நெட்டையன் முந்திக்கொண்டு, தன் கைதான் வழுக்கிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தான். கட்டையன் கையைக் காட்டி அவனை நிறுத்தினான். தன் இடுப்பு போய் ஒரு வருஷமாகிறது என்றும், மூன்று மாதமாக ஒரு நாள்கூடத் தான் கீழ்முனை தூக்கவில்லை என்றும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சூப்பர்வைசரும் பத்து வருஷம் சுமந்துவிட்டு வந்தவர்தான். நாளையிலிருந்து பேக்கிங்குக்குப் போ என்றார்.

மிச்சம் ஒரு மாடிக்குத் தூக்க வேறு ஆள் இல்லாததால் அவரே சட்டைக் கையை மடித்து மேல்முனைக்குப் போனார், நெட்டையன் கீழ்முனைக்கு வந்தான். பாதியில் கேட்கச் சொல்லி, ஐந்தாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்த கட்டையன் குரல் கொடுத்தான். எதைக் கேட்பது என்று தெரியாமல் சூப்பர்வைசர், உன் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கட்டையனையே கேட்டார்.

சாயங்காலம் நெட்டையன்தான் கைத்தாங்கலாக அவனை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். கட்டையன் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். "நேத்து உங்கண்ணனுக்காக ஒருத்தனைத் திட்டினியே. அந்த வேலையைத்தான் நான் இவனுக்குப் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவள் நெட்டையனின் சட்டையை விலக்கி அந்தப் பட்டையைப் பார்த்தாள்.   நெட்டையன் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்து, வலிக்கவே இல்லை தங்கச்சி என்றான்.

"வலிக்குதுண்ணே. எனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, "அங்க எங்கண்ணன்கூட நிக்கிறானே, அவனுக்கும் பொண்டாட்டி இருப்பால்ல. அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றாள். 

மகளின் மூன்றாவது வருஷத்துக்கு என்ன செய்வது என்று அவர்கள் அன்றைக்குப் பேசவில்லை. நெட்டையன் சாப்பிட்டுவிட்டு, நிலைப்படியில் குனிந்து வெளியே போனான். நாளை முதல் அவனுக்கு வேறு ஜோடி. கட்டையன் அவனுக்குத் தர வேண்டியது மூன்று மாதத்துக் கீழ்முனை. தந்தது இரண்டு மாடி. மிச்சம் அப்படியே பாக்கி இருந்தது, அதைத் தூக்கிக் கழிக்கக் கட்டையனிடம் இடுப்பு இல்லை.