சாரத்தின் உச்சியில்

மியூசியத்து வாசலில் என் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டாள். "அக்கா, இங்க கழற்ற வேண்டியதில்ல" என்றார் காவலாளி. "உள்ள சாமிப் படம்தானே?" என்று கேட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள்.

உள்ளே மாட்டியிருந்ததெல்லாம் என் மாமியார் வரைந்தது. கட்டட வேலையில் சித்தாளாக மண் சுமந்தவர். ஒருநாள் கலவைச் சட்டியோடு சாரம் ஏறும்போது சாமியைப் பார்த்தேன் என்றார். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் காலி சிமெண்ட் பைகளைப் பிரித்து ஒட்டி, செங்கல் தூளையும் கரியையும் சுண்ணாம்பையும் குழைத்து வரைவதுதான். யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்பில் உலை பொங்கி வழிந்தாலும் திரும்பமாட்டார். முடித்ததைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார். இருந்தவரை பைத்தியம் என்றார்கள். போன பிறகு அவருக்கென்று மூன்று அறைகளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

படமே கதியென்று கிடந்த தாய்மேல் இவளுக்கு ஆறாத கோபம். ஒரு சுருளைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "கூட வேலை பார்த்த அத்தனை பேரையும் வரைஞ்சிருக்காம். நாய்க்குக்கூட ரெக்கை வச்சிருக்காம். பெத்த பொண்ண ஒரு கோடாவது இழுத்துச்சான்னு பார்க்கணும். அதுக்குத்தான் வரேன்."

முதல் அறையில் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தேன். தேவர்கள் வானத்தில் மணல் சலிக்கிறார்கள். சல்லடைக்குக் கீழே விழுவதெல்லாம் நட்சத்திரம். சாமி கடல்மேல் ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி மட்டம் பார்க்கிறார். அவர் தலைக்குமேல் கோணல் எழுத்தில் 'மேஸ்திரி' என்றிருந்தது. எல்லோர் தலைக்குமேலும் இப்படிப் பெயர் இருந்தது. நானும் மாமியாரும் முதியோர் வகுப்பில் ஒரே பெஞ்சில் எழுத்துப் படித்தவர்கள். "மாப்ள, உங்க 'ழ'வைக் கொஞ்சம் காட்டுங்க" என்று என் சிலேட்டை எட்டிப் பார்ப்பார். இவள் அந்தப் பக்கமே வரவில்லை. அதனால் நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். கம்பிக்காரர். நெட்டையன். பீடி அண்ணன். 'மாப்ள' என்று நானும் இருந்தேன். இறக்கையை விரித்துப் போட்டு அதன்மேலேயே தூங்கிக்கொண்டு.

"அச்சு அசல்" என்று சிரித்தாள். அதற்குமேல் சிரிக்கவில்லை. இரண்டாவது அறையிலும் அவள் இல்லை.

மூன்றாவது அறையில் ஒரே ஒரு படம், சுவர் முழுக்க. மேகத்தையெல்லாம் துளைத்துக்கொண்டு ஒரு சாரம் ஏறிப் போகிறது. அதன் உச்சிப் பலகையில் ஒருத்தி நிற்கிறாள். தலையில் சட்டி, சட்டியில் கலவை இல்லை, சூரியன். தளும்பி வழிந்து கீழேயுள்ள ஊர்களுக்கெல்லாம் விடிகிறது. காலமெல்லாம் சாரம் ஏறியவன் நான். தரையில் நின்றபடி எனக்குக் கால் கூசியது.

"என்ன எழுதியிருக்கு?"

"அம்மா."

பக்கத்து அட்டையில் 'உலகத் தாய்' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. "இதுவும் சாமிதான். உலகத்துக்கே அம்மா" என்றேன். பிறகு மெதுவாக, "உன்னைக் காணோம்டி" என்றேன்.

அவள் கண்ணெடுக்கவில்லை. "இன்னொரு தடவ படிங்க."

"அம்மா."

"எங்கம்மா அதோட அம்மா முகத்தையே பார்த்ததில்ல. பெத்ததும் போய்ட்டாங்க. சாமின்னா அதுக்கு மேஸ்திரி. அது வாயில அம்மான்னு வந்தா, என்னைக் கூப்பிடத்தாங்க. 'அம்மா, சாப்பிட்டியா'ன்னு. 'அம்மா, கதவைச் சாத்து'ன்னு."

எத்தனை தரம் என் காதால் கேட்டது!

அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். சாரத்தின் அடிக்காலருகே, விரற்கடை உயரத்தில் ஒரு கிழவி. கழுத்து ஒடிய மேலே அண்ணாந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிடுகிறாள். திறந்த வாய் கடுகளவுக்கு ஒரு கரிப்புள்ளி.

பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போகாமல் நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரி அந்தப் புள்ளிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், அடுத்த அறையிலிருந்து பதில் சொல்கிறவள்போல, "என்னம்மா?" என்றாள்.